ராஜபார்ட் வந்தாச்சு, கத்தி எங்கே?

இன்னும் முழுசாக வெளிவராத ஒரு விளையாட்டு. அதில் இன்னும் சேர்க்கப்படாத ஓர் ஆள். அந்த ஆளுக்காகக் கோவில்பட்டியில் ஒருத்தன் ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான். வேறு யாருமில்லை, என் அக்கா மகன். பகலில் ஒரு மில் ஆபீஸில் கணக்கு எழுதுகிறான். ராத்திரி குரூப் டூ பரீட்சைக்குப் படிக்கிறான் (என்று அக்கா நம்புகிறாள்).

"என்ன மருமகனே, காதல் தோல்வியா?" என்றேன்.

"அதெல்லாம் இல்ல மாமா. டூயலிஸ்ட் வரல."

"எந்த பஸ்ஸுல வாரதாச் சொன்னாரு?"

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கரிசல் காட்டில் எண்பது அடி கிணறு வெட்டி உப்புத் தண்ணி கண்டவன்கூட அப்படிப் பார்க்கமாட்டான்.

விஷயம் இதுதான். நியூசிலாந்தில் ஆக்லாந்து என்ற ஊரில் 'கிரைண்டிங் கியர் கேம்ஸ்' என்று ஒரு கம்பெனி. அவர்களுடைய 'பாத் ஆஃப் எக்ஸைல் 2' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு 2024 டிசம்பரில் 'எர்லி ஆக்சஸ்' ஆக வந்தது. அதாவது, தாலி கட்டுவதற்கு முன்னாடியே பந்தி போட்டுவிடுவது. சாம்பார் கொதித்தது வரைக்கும் ஊற்றுவார்கள். பாயசம் அடுப்பில் இருக்கிறது, இருந்து சாப்பிட்டுப் போங்கள் என்பார்கள். காசு மட்டும் முன்னாடியே.

மொத்தம் பன்னிரண்டு வகை வீரர்கள் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது ஆறு. வாரியர், மங்க், ரேஞ்சர், மெர்சனரி, விட்ச், சார்சரஸ். நம்ம பையன் காத்திருந்த டூயலிஸ்ட், அதாவது அரங்கத்தில் இறங்கி வாள் வீசுகிற சண்டைக்காரன், அந்த ஆறில் இல்லை. ஆள்தான் இல்லை, அவனுடைய கத்தியாவது இருந்ததா என்றால், வாள் என்ற ஆயுதமே அப்போது விளையாட்டில் வரவில்லை! கோடாலியும் வரவில்லை. அரக்கர்களை வெட்ட வந்த கதையில் வாளையும் கோடாலியையும் பாதி வழியில் விட்டுவிட்டு வருவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

"அதான் ஆறு பேரு இருக்காங்களே. ஒருத்தனைப் பிடிச்சு ஆட வேண்டியதுதானே?"

"பந்தியில ஆறு கூட்டு வச்சாலும் ரசம் இல்லன்னா நீங்க கேப்பீங்கல்லா மாமா?"

நியாயம்தான். போன தீபாவளிக்குக் கேட்டேன்.

*

கிளாஸ் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிக் குதித்து, கீழே நிற்கும் சுடலைமாடனிடம் போய்விடலாம். மற்றவர்களுக்கு: இந்த மாதிரி 'ஆக்‌ஷன் ரோல்பிளேயிங்' விளையாட்டில் செய்யவேண்டியது மூன்றே காரியம். அடி. கீழே விழுந்ததைப் பொறுக்கு. பொறுக்கியதை மாட்டிக்கொண்டு இன்னும் பலமாக அடி. எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் திரையிலேயே ஒரு கேள்வி வரும்: நீ யார்? வில்லாளியா, மல்லனா, மந்திரவாதியா? அந்தப் பிரிவுக்குப் பெயர்தான் கேரக்டர் கிளாஸ். இதை ஆரம்பித்துவைத்தவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று காகிதம், பென்சில், பகடை வைத்து ஆடும் ஓர் ஆட்டம் கொண்டுவந்தார்கள். அதில் மூன்றே கிளாஸ்தான். சண்டைக்காரன், மந்திரக்காரன், பூசாரி. 1975-ல் துணைப் புத்தகம் போட்டுத் திருடனையும் சேர்த்தார்கள். திருடன் இல்லாமல் ஒரு வருஷத்துக்குமேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை பாருங்கள்.

அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பகடையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எலி பிடிக்கிற கையால் படபடவென்று அடிக்கவைத்தது 'டயாப்லோ'. 1997 பிறக்கும் சமயத்தில் வந்தது. மூன்று கிளாஸ். 2000-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஐந்து. மறு வருஷம் இன்னும் இரண்டு. இந்த ஏழு பேரைத்தான் ரசிகர்கள் இன்றைக்கும் குலதெய்வம்போல் வைத்திருக்கிறார்கள்.

குலதெய்வம் என்று சும்மா சொல்லவில்லை. அந்தப் பட்டியலைக் கொண்டுவந்து நம் கரிசல் கிராமத்து எல்லையில் நிறுத்தினால் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. 'நெக்ரோமான்சர்' என்பவன் செத்தவர்களை எழுப்பி வேலை வாங்குகிறவன். இருப்பிடம் மயானம், துணைக்கு எலும்புக்கூடு. நம்ம சுடலைமாடனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. 'பார்பேரியன்' மீசையும் முறுக்குமாக இரண்டு கையிலும் ஆயுதத்தோடு நிற்கிறான்; சந்தேகமே இல்லாமல் கருப்பசாமி. 'ட்ரூயிட்' நினைத்தால் கரடி, நினைத்தால் ஓநாய். விக்கிரமாதித்தன் கதையில் கூடுவிட்டுக் கூடு பாய்வதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது என்ன புதுசா? 'பாலடின்' ஒரு கையில் கேடயம், வாயில் ஜெபம், நடப்பது குதிரையேறிய ஐயனார் மிடுக்கில். 'சார்சரஸ்' நெருப்பும் பனியும் ஏவுகிற மலையாள மாந்திரீகம்.

கலிபோர்னியாவில் உட்கார்ந்து படம் வரைகிறவன் கோவில்பட்டிப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கமாட்டான். ஆனாலும் மனுஷனுக்கு ராத்திரியில் வருகிற பயங்களும் பகலில் வருகிற ஆசைகளும் உலகம் பூராவும் ஒரே அச்சுதான் போலிருக்கிறது.

*

ஆனால் நம் ஊரில் இதற்கு நெருங்கிய சொந்தம் சாமிகூட இல்லை. ஸ்பெஷல் நாடகம்.

இளைஞர்கள் கேள்விப்பட்டிருக்கலாம், கொடைக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். தூத்துக்குடியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்துவிட்டுப் போன வள்ளி திருமணம், பவளக்கொடி மாதிரி நாடகங்களை இன்றைக்கும் தென்மாவட்டத்துக் கோயில் கொடைகளில் விடிய விடிய ஆடுகிறார்கள். ஏன் அதற்கு 'ஸ்பெஷல்' என்று பேர்? கம்பெனி கிடையாது. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்து வரவழைக்க வேண்டும். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. பலபேர் முகம் பார்ப்பதே அன்று ராத்திரி கொட்டகைக்குப் பின்னால்தான். பாட்டும் கதையும் எல்லாருக்கும் தெரியும், அவரவர் பார்ட் அவரவருக்குத் தெரியும். ஆர்மோனியக்காரர் கட்டை பிடித்தால் ஆட்டம் ஆரம்பம்.

ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன்... இவையெல்லாம் ஒரு நாடகத்துக்கான வேஷம் இல்லை. ஆயுசுக்குமான பிரிவு. ஒருவர் ராஜபார்ட் என்றால் வள்ளி திருமணத்தில் முருகன், பவளக்கொடியில் அர்ச்சுனன். என்ன கதையானாலும் அவர் ராஜபார்ட்தான். கிளாஸ் என்பதற்கு இதைவிடச் சரியான உதாரணம் ஆக்லாந்திலும் கிடைக்காது. டயாப்லோவின் 'ரோக்' என்பதற்குத் தமிழ் தேடி அலையவேண்டாம். 'கள்ளபார்ட்' என்று சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்தே பெயர் இருக்கிறது. உலகின் நான்கு மூலையிலிருந்து முன்பின் தெரியாத நான்கு பேர் கம்ப்யூட்டரில் ஒன்றுசேர்ந்து, ஒத்திகையே இல்லாமல் ஓர் அரக்கனை முடிக்கிறார்களே, அதுவும் ஸ்பெஷல் நாடகம்தான். ஆர்மோனியம் மட்டும் மிஸ்ஸிங்.

இங்கேதான் ரசிகர் வருகிறார். கொடைக்குப் பத்து நாள் முன்னால் சுவரில் நாடக நோட்டீஸ் ஒட்டுவார்கள். நடிகர்கள் படம் வரிசையாக இருக்கும். கதை எல்லாருக்கும் மனப்பாடம். வள்ளி எந்த ஊரிலும் முருகனைக் கட்டாமல் போனதில்லை. ஆகவே சண்டை கதையைப் பற்றி இருக்காது, ஆளைப் பற்றித்தான்.

"ராஜபார்ட்டு போன வருச ஆளுதானா? சாரீரம் போச்சேவே அவருக்கு."

"இந்த ஸ்திரீபார்ட்டு முன்னால இவரு தர்க்கத்துல நிப்பாராக்கும்? பத்து நிமிசத்துல முருகன் மயிலேறிப் போயிருவாரு!"

"பபூன் யாருன்னு சொல்லுங்க, மத்தது கிடக்கட்டும்."

எல்லாம் நாடகம் நடப்பதற்குப் பத்து நாள் முன்னால்! நோட்டீஸை மட்டும் வைத்துக்கொண்டு! இதே காரியத்தை உலகம் பூரா ரசிகர்கள் டிரெய்லரை வைத்துக்கொண்டு செய்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

*

2008 ஜூனில் பாரிஸில் 'டயாப்லோ 3' அறிவித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். முதலில் இரண்டு பேரைக் காட்டினார்கள். பழைய பார்பேரியன், புதுசாக 'விட்ச் டாக்டர்' என்று ஒரு மந்திர வைத்தியர். தவளை எறிவார், சிலந்திப் பானை உடைப்பார், செத்த நாய்களை ஏவுவார். ரசிகர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். "எங்க நெக்ரோமான்சர் எங்கே?" என்றார்கள். மூத்த மாப்பிள்ளைக்கு வைத்த நாற்காலியில் யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்த மாதிரி அந்த விட்ச் டாக்டர் கடைசிவரை நெளிந்துகொண்டே இருந்தார். 2012 மே மாதம் விளையாட்டு வெளிவந்தபோது, இரண்டாம் பாகத்து ஏழு பேரில் திரும்பி வந்தது பார்பேரியன் ஒருவன்தான்.

நிறம் வேறு பிரச்னையாகிவிட்டது. படம் ரொம்பப் பளிச்சென்று இருக்கிறதாம். நரகம் என்றால் இருட்டாக, அழுக்காக இருக்கவேண்டாமா, வானவில் எல்லாம் எதற்கு என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். கம்பெனிக்காரர்கள் மசியவில்லை. விளையாட்டு வெளிவந்தபோது உள்ளே ஒரு ரகசிய இடம் வைத்திருந்தார்கள். போனால் வானவில், சிரிக்கிற மேகம், ஒற்றைக் கொம்புக் குதிரை! கொட்டகையில் விசிலடித்துக் கலாட்டா பண்ணுகிறவனுக்குப் பபூன் மேடையிலிருந்தே பதில் கொடுப்பாரே, அந்த ஜாதி குறும்பு.

நெக்ரோமான்சர் கேட்டார்களே, கிடைத்ததா? கிடைத்தது. 2017 ஜூனில். ஐந்து வருஷம் கழித்து, தனியாகப் பதினைந்து டாலர் வசூல் பண்ணிக்கொண்டு. கேட்டதைக் கொடுப்பதற்கும் ஒரு நேரம் காலம் பார்க்கிறார்கள். பில்லும் போடுகிறார்கள்.

இடையில் 2018-ல் ஒரு கூத்து. நாலாம் பாகம் வருமென்று கலிபோர்னியாவில் ரசிகர்கள் கூடியிருந்த மாநாட்டில், கம்பெனிக்காரர்கள் போனில் ஆடுகிற டயாப்லோவை அறிவித்துவிட்டார்கள். கூட்டம் முனக, மேடையில் நின்ற டிசைனர், "ஏன், உங்களிடம் போன் இல்லையா?" என்கிற அர்த்தத்தில் கேட்டுவைத்தார். அந்தக் கேள்வியை உலகம் இன்னும் மறக்கவில்லை. எங்கள் ஊரில் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். இங்கே பையன்களிடம் இருப்பதே போன்தான், கம்ப்யூட்டர்தான் இல்லை.

நாலாம் பாகத்தில் கம்பெனி உஷாராகிவிட்டது. 2019 நவம்பரில் அறிவிக்கும்போதே பார்பேரியன், சார்சரஸ், ட்ரூயிட் என்று மூன்று பழைய முகங்கள். 2021 பிப்ரவரியில் ரோக். 2022 ஜூனில், எல்லாரும் வாய்பிளந்து காத்திருந்த நெக்ரோமான்சர். விளையாட்டு வந்தது 2023 ஜூனில். நோட்டீஸ் ஒட்டி மூன்றரை வருஷம்! ஒவ்வொரு ஆளாக அவிழ்த்துவிட்டுக் கூட்டத்தைக் கலையாமல் பார்த்துக்கொண்டார்கள். (வியாபாரம் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஒரு கிளாஸ் என்றால் அதற்குத் தனி நடை, தனி வீச்சு, தனி வித்தைகள் எல்லாம் முதலிலிருந்து செய்யவேண்டும். பார்பேரியனுக்குக் கோபம்தான் எரிபொருள், மந்திரக்காரிக்கு மானா, நெக்ரோமான்சருக்கு உயிர்ச்சாரம் என்று அடுப்பே தனித்தனி. ஒரே குழம்பில் தண்ணீர் ஊற்றி ரசம் என்று பரிமாற முடியாது.)

ட்ரூயிட்டைப் பார்த்து ஒரு கோஷ்டி சிரித்தது. ஆணும் சரி பெண்ணும் சரி, நல்ல பருமன். தொப்பை வைத்த ஹீரோவா? எனக்கு இதில் அதிசயமே இல்லை. அரையடி தொப்பையோடு வேலைப் பிடித்து நிற்கிற முருகனை எங்கள் ஊர் பார்த்துக் கும்பிட்டிருக்கிறது. குரல் எட்டுக்கட்டையில் நின்றால் போதும், இடுப்பு எங்கே நின்றால் என்ன?

2023 மார்ச்சில் வெள்ளோட்டம் விட்டார்கள். இருபத்தைந்தாம் படி வரைக்கும்தான் ஏறலாம். அதற்குள்ளேயே தீர்ப்பு வந்துவிட்டது. நெக்ரோமான்சர் அசுரன், மந்திரக்காரி பிரமாதம், ட்ரூயிட்டும் பார்பேரியனும் சவலை. கம்பெனி சொல்லிப் பார்த்தது: அய்யா, இவர்கள் இரண்டு பேருக்கும் நல்ல ஆயுதம், கவசம் எல்லாம் மேல்படியில்தான் கிடைக்கும், கொஞ்சம் பொறுங்கள் என்று. யார் கேட்கிறார்கள்? பத்து மணிக்குப் பபூன் வந்ததைப் பார்த்துவிட்டு, ராஜபார்ட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துபோகிற கூட்டம்! விளையாட்டு வந்தபின் அந்தச் சவலைப் பார்பேரியன் மேல்படிகளில் போட்ட ஆட்டம் தனிக்கதை.

அடுத்தது 2024 அக்டோபர். 'ஸ்பிரிட்பார்ன்' என்று இதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு கிளாஸ். கழுகு, சிறுத்தை, கொரில்லா, பூரான் என்று நான்கு காவல் ஆவிகள் துணை. ஆமாம், பூரான். இடுக்கில் செருப்பால் அடிக்கிற அதே பூரான்தான். "பாலடின் கேட்டா பூரானைக் கொடுக்காங்க" என்று மருமகன் அப்போதே அலுத்துக்கொண்டான். வெளிவந்த வாரமே தெரிந்துவிட்டது, அந்தப் பூரான் கோஷ்டி மற்ற எல்லாரையும் தூக்கிச் சாப்பிடும் பலம் என்று. முணுமுணுத்தவர்கள் பாதிப்பேர் மறுநாள் பூரான் சாமிக்கு மாலை போட்டுவிட்டார்கள். பாலடின்? 2025 டிசம்பரில்தான் அறிவிப்பு வந்தது. நாலாம் பாகம் அறிவித்து ஆறு வருஷம் கழித்து.

இத்தனையும் பார்த்ததில் என் கட்சி இது: ரசிகன் "இவன் பலமில்லாதவன்" என்று முன்கூட்டிச் சொன்னால் நம்பாதீர்கள். அது நோட்டீஸைப் பார்த்துச் சாரீரம் அளக்கிற வேலை. ஆனால் ரசிகன் "இவன் இல்லையே" என்று சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். அதில் அவன் ஏமாந்ததாக நான் பார்க்கவில்லை. நெக்ரோமான்சர் இல்லையே என்றான், வந்தது. பாலடின் இல்லையே என்றான், வந்தது. ஆயுதக் கணக்கு அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். பந்தியில் தன் இலை எது என்று தெரியும்.

*

வேஷத்தில் ஆணென்ன பெண்ணென்ன என்ற தகராறும் இதில் உண்டு. டயாப்லோ இரண்டில் அமேசான் என்றால் பெண், பாலடின் என்றால் ஆண். மாற்ற முடியாது. மூன்றில்தான் எந்தக் கிளாஸும் எந்த உருவத்திலும் என்று திறந்துவிட்டார்கள். பாத் ஆஃப் எக்ஸைலில் இன்னும் பழைய கட்டுப்பாடுதான். விட்ச் பெண், மங்க் ஆண். இதற்கு இரண்டு பக்கமும் கட்சி கட்டிச் சண்டை நடக்கிறது.

நம் மேடை இதை எப்போதோ தாண்டிவிட்டது. கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தில் நந்தனாராக, ஆண் வேஷத்தில் சினிமாவில் நடித்தார். எங்கள் பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் 1799-ல் தூக்கில் போடப்பட்டது, கோவில்பட்டியிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் வருகிற கயத்தாறில். அந்தக் கட்டபொம்மனாக 1959-ல் நடித்து, பிறகு கயத்தாறில் அவருக்குச் சிலையும் வைத்த சிவாஜி கணேசன், நாடகக் கம்பெனியில் சிறுவனாகக் கட்டிய முதல் வேஷம் என்ன தெரியுமோ? சீதை! ஸ்திரீபார்ட்டில் ஆரம்பித்துக் கட்டபொம்மனில் வந்து நிற்கிற மாதிரி ஒரு கிளாஸ் மாற்றத்தை எந்த விளையாட்டிலும் அனுமதிக்கமாட்டார்கள்.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டான். பிறகு, "அவங்களாவது மாத்திக்கிட்டாங்க மாமா" என்றான்.

இந்த 'கிளாஸ்' என்ற சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். வகுப்பு. பள்ளிக்கூடத்து வகுப்பு ஒன்று. விண்ணப்பப் படிவத்தில் பெயர், தந்தை பெயர், மதத்துக்குக் கீழே வருகிற வகுப்பு இன்னொன்று. அதற்குத் தாலுகா ஆபீஸ் சான்றிதழ் உண்டு, நம்பர் உண்டு. அதில் 'பிடித்ததைத் தேர்ந்தெடுக்கவும்' என்று பொத்தான் கிடையாது.

படிவம்கூடப் பரவாயில்லை. எங்கள் பக்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் மூன்றே கேள்வியில் வேலையை முடித்துவிடுவார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

சொல்வோம்.

"அங்க எந்தத் தெரு?"

சொல்வோம். வேறு வழி?

"யாரு மகன்?"

அவ்வளவுதான். அதற்குப்பிறகு அவர் நம்மோடு சேர்ந்து முறுக்குத் தின்பாரா, இல்லை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாரா என்பது முடிவாகிவிடும். நம் பெயர் கேட்டிருக்கமாட்டார். என்ன படித்தாய், என்ன வேலை, என்ன ஆசை... ம்ஹூம்.

மருமகனுக்குத் தெரு கேட்கிறவர்களைக் கண்டால் ஆகாது. ஒருவாட்டி சண்டையே வந்துவிட்டது. அதை விடுங்கள். அவனிடம் நான் கேட்டது, "அந்த டூயலிஸ்ட்டுல அப்படி என்னதான்டா இருக்கு?" என்று.

கொஞ்ச நேரம் யோசித்தான். "அவன் பெரிய வீட்டுப் பிள்ளை கிடையாது மாமா. மந்திரம் தெரியாது. சாமி அருளும் கிடையாது. அரங்கத்துல இறங்கி, கத்தி பிடிச்சு, சண்டை போட்டுப் பேரு வாங்குனவன். அவ்வளவுதான்."

"சரி, அதே மாதிரி இன்னொருத்தன், அந்த மெர்சனரி, இருக்கானே? கிட்டத்தட்ட அதே சரக்குன்னியே?"

"அவன் வில்லு பொருத்தின துப்பாக்கி மாதிரி ஒண்ணு வச்சுத் தூரத்துல நின்னு அடிக்கான். நான் நேருக்கு நேரா நிக்கணும்னு பாக்கேன்."

அந்த விளையாட்டின் கணக்குப்படியும் அவன் சொல்வது சரிதான். பலம், லாகவம், புத்தி என்று மூன்று குணம். தனியாக மூன்று, இரண்டிரண்டாகக் கலந்தால் மூன்று, ஆக ஆறு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆள், மொத்தம் பன்னிரண்டு. பலமும் லாகவமும் கலந்த இடத்தில் மெர்சனரியும் டூயலிஸ்ட்டும் ஒரே திண்ணையில் உட்காருகிறவர்கள். ஒருவன் வந்துவிட்டான், ஒருவனுக்கு இடம் போட்டுவைத்திருக்கிறது. கம்பெனியும் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. 2025 ஏப்ரலில் ஈட்டி எறிகிற ஹன்ட்ரஸ் வந்தாள். அவள் வந்த அன்றைக்கே மற்றவர்கள் பலத்தையெல்லாம் சீவித்தள்ளியதில் ரசிகர்கள் கொதித்துப்போய்த் திட்டித் தீர்த்தார்கள். புது மருமகள் வந்த ராசி என்று அவள் தலையிலும் கொஞ்சம் விழுந்தது, பாவம். 2025 டிசம்பரில் ட்ரூயிட். எட்டு ஆகிவிட்டது. அந்தக் கணக்கில் பாக்கி மரோடர், ஷேடோ, டெம்ப்ளர், அப்புறம் நம்ம ஆள்.

அந்த உலகம் மட்டும் சமத்துவபுரம் என்று நினைக்கவேண்டாம். பலமில்லாத கிளாஸ் எடுத்து ஆடுகிறவனைக் கூட்டத்தில் சேர்க்க முகம் சுளிக்கிறவர்கள் அங்கேயும் உண்டு. 'இவன்தான் முதல் தரம், இவன் மூன்றாம் தரம்' என்று ஆங்கிலத்தில் அடுக்கு அடுக்காகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. எங்கே போனாலும் மனுஷன் ஏணியைக் கையோடு தூக்கிக்கொண்டு போகிறான்.

"என்னடா, இங்கயும் அதே கதைதானா?" என்றேன்.

"ஒரே கதை இல்ல மாமா. இங்க எனக்குப் பிடிக்கலன்னா இவனை அழிச்சுட்டு வேற ஆளு போட்டு முதல்லருந்து ஆடலாம். ஒருத்தனும் வந்து எந்தத் தெருன்னு கேக்கமாட்டான்."

பரீட்சைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டான். நடப்பு நிகழ்வுகள், பக்கம் முந்நூறோ என்னவோ.

*

இந்தக் கதையை வழக்கமாக உட்காருகிற டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஆபீஸ் முடிந்து வந்த இரண்டு இளவட்டங்கள். அவர்களும் ஆடுகிறவர்களாம். உடனே ஆளுக்கொரு கட்சி. ஒருவன் மங்க், வெறுங்கையால் அடிப்பதுதான் ஆண்மை என்றான். இன்னொருவன் பகல் பூராவும் பேங்க்கில் கஸ்டமரிடம் பொறுமையாகப் பேசுகிறவன். சார்சரஸ் எடுத்து எல்லாவற்றையும் கொளுத்துவதாகச் சொன்னான். அவன் கவுன்ட்டர் எது என்று விசாரித்து வைத்துக்கொண்டேன். ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் அல்லவா?

கடைக்கார அண்ணாச்சி டீ ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. நாடகம் தெரியும். அந்தக் காலத்தில் அரிச்சந்திரா மயான காண்டத்துக்கு மாட்டுவண்டி கட்டிப் போனவர். பன்னிரண்டு பேரையும், டயாப்லோக்காரர்களையும் ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கருப்பசாமிக்குத் தலையாட்டினார். பூரானுக்குச் சிரித்தார். டூயலிஸ்ட் நல்ல ராஜபார்ட், ஆனா வந்து சேரலையே என்றார்.

நெக்ரோமான்சர் வந்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். கையிலிருந்த டீ கிளாஸைத்தான்.

"செத்தவனை எழுப்பி வேலை வாங்குவானா?"

"ஆமா அண்ணாச்சி. ஒரே நேரத்துல ஏழெட்டு எலும்புக்கூடுகூட வச்சுக்கலாம்."

"சம்பளம்?"

"கிடையாது."

"லீவு கேக்காதா?"

"கேக்காது."

அண்ணாச்சி தெருவைப் பார்த்தார். "காலையில அஞ்சு மணிக்குக் கடை திறக்க ஒருத்தன் வரமாட்டேங்கான் வே. எனக்கு அந்த ஆளையே போட்டுருங்க. பைசா எவ்வளவு ஆகும்?"